ஒன்றரை மில்லிமீட்டர் பூச்சு

வீட்டில் சொந்தமாக விமானம் செய்வது ஒன்றும் சட்டவிரோதமான காரியம் இல்லை. முறையாக விண்ணப்பம் போட்டு, முறையாக வரைபடம் கொடுத்து, முறையாகக் காத்திருந்தால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். இந்த மூன்றில் முதல் இரண்டையும் பிரவீண் ஒரே வாரத்தில் முடித்துவிட்டான். மூன்றாவதைத்தான் நாலு வருஷமாகச் செய்துகொண்டிருந்தான்.

பிரவீணுக்கு வங்காளத்தில், சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை. வீடு ஜாதவ்பூரில், இரண்டு அறை வாடகை ஃபிளாட். இரண்டு அறைக்குள் விமானத்துக்கு இடம் கிடையாது என்று அவன் மனைவி செல்வராணி கல்யாணமான புதிதிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டதால், விமானம் கிடர்பூரில் முகமது ரபீக்கின் பட்டறையில் வளர்ந்தது. ரபீக் கீழக்கரைக்காரர். துறைமுகத்தில் படகுகளுக்கும் கப்பல்களுக்கும் அலுமினியத் தகடு பற்றவைப்பது அவருடைய முப்பது வருஷத் தொழில். பட்டறையின் பாதியை விமானத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மீதிப் பாதியில் நின்றுகொண்டு அந்தப் பாதியைக் கிண்டல் செய்துகொண்டிருப்பார்.

இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். இறக்கை வந்தாயிற்று, வால் வந்தாயிற்று, இன்ஜினும் வந்து கோணிக்குள் தூங்குகிறது. பாக்கி ஒன்றே ஒன்று, பெட்ரோல் தொட்டி. ஐம்பது லிட்டர். ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி அது உட்காரும்.

விமானத்தில் செல்வராணிக்கு நன்றாகப் புரிந்த விஷயம் இந்த ஒரு சாண்தான். சாத்தூர் பக்கம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இறக்கை ஏன் தூக்குகிறது என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. பெட்ரோல் ஒழுகினால் என்ன ஆகும் என்று தெரியும். யுகேஜி படிக்கிற மகள் ஸ்மிதாவுக்கு அப்பா வேண்டும். ஆகவே தொட்டி ஒழுகக்கூடாது. விமானவியலைப் பற்றி அவளுடைய மொத்தக் கொள்கை இவ்வளவுதான்.

"கார்பன் ஃபைபர்ல பண்ணலாம்னு இருக்கேன்" என்றான் பிரவீண் ஒருநாள், தோசைக்குத் தட்டை நீட்டியபடி.

"அது பெட்ரோலுக்குத் தாங்குமாங்க?"

"எல்லாரும் அதுலதான் பண்றாங்க ராணி."

எல்லாரும் என்றால் ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் நாற்பத்தாறு பேர். விமானம் செய்கிறவர்கள் அவர்களில் மூன்று பேர். மற்றவர்கள் கார்பன் ஃபைபரில் பர்ஸும் போன் உறையும் வைத்திருக்கிறவர்கள். ஒருவர் கார்பன் ஃபைபர் சீப்பு ஒன்று வாங்கி, எடை எவ்வளவு குறைவு பாருங்கள் என்று நாலு படம் போட்டிருந்தார். சீப்பை வைத்து எதைச் சீவுகிறார் என்பது அவருடைய படத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

"பாய் என்ன சொல்றார்?"

"பாய் அலுமினியம்ங்கறார். அவர் பழைய ஆளு."

செல்வராணி அடுத்த சனிக்கிழமையே மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிடர்பூருக்குப் பஸ் ஏறினாள். ரபீக் அவளுக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"கேளு தங்கச்சி. ஸ்டீல் நல்லதுதான், ஆனா கனம். அதை வச்சா உன் வீட்டுக்காரன் தரையிலேயேதான் ஓட்டணும். பிளாஸ்டிக் கேனும் நல்லதுதான், ஆனா அவன் கேக்கிற கோணல் வடிவத்துக்கு அச்சு எவன் செய்வான்? ஃபைபர்னா எல்லாம் ரெசினைப் பொறுத்தது. இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலந்து வருது. சில ரெசினை அது மெதுவாத் தின்னுரும். நாம டப்பாவுல எழுதியிருக்கறதை நம்பி உக்காரணும்."

"அலுமினியம்?"

"அலுமினியம் எனக்குத் தெரியும். பத்த வச்சு, லேசாக் காத்தடிச்சு, சோப்புத் தண்ணி தடவினா முட்டை விடுதா விடலையான்னு அஞ்சு நிமிஷத்துல சொல்லிரும். அடியில தண்ணி தங்காம ஒரு வடிகால் வச்சுட்டாப் போதும். அது பொய் சொல்லாது."

ஆக, தொட்டி எதில் செய்வது என்ற கேள்வி ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பிரவீண்கூட இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு ஒத்துக்கொண்டான். ஆனால் சம்பந்தப்பட்டவர்கள் தாங்களாகவே கூடிப் பேசி, சரியான முடிவுக்கு, செலவில்லாமல் வந்துவிடுவது நிர்வாக நெறிமுறைகளுக்கு உகந்தது அல்ல. அதற்கென்று சால்ட் லேக்கில் ஓர் அலுவலகம் இருந்தது.

அதன் பெயர், இல்லத் தயாரிப்புச் சிறு வானூர்திகளின் எரிபொருள் கொள்கலப் பொருள் தேர்வு நிலைக்குழு. பெயர்ப்பலகை வாசலைவிட அகலமாக இருந்ததால் பாதிப் பெயர் பக்கத்து மீன்வளர்ச்சி அலுவலகத்தின் சுவரில் இருந்தது. குழுவின் தலைவர் சிவராமகிருஷ்ணன். தாத்தா காலத்தில் இந்த ஊருக்கு வந்த குடும்பம். மூன்று தலைமுறையாக வங்கி, கம்பெனி, சர்க்கார் என்று கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. செயலர் ஹால்தார் பாபு. கையெழுத்து போடும் இடத்தைப் பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டுகிறவர்.

அந்த வருஷம் பசுமை வருஷம். மேலிடத்திலிருந்து சணலை ஊக்குவிக்கச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. கோப்பு உறை சணல், மேசை விரிப்பு சணல், விருந்தாளிக்குப் போடும் மாலை சணல். சிவராமகிருஷ்ணன் சணல் கோட்டு ஒன்று தைத்துப் போட்டிருந்தார். பேசுவது பாதி நேரம், கழுத்தைச் சொறிவது பாதி நேரம்.

"வாங்கோ வாங்கோ. தமிழ்க்காராளா? பேஷ்! ஏக்தம் சந்தோஷம். என்ன, டேங்க்தானே? சணல்ல பண்ணிடலாம்."

அலுவலகத்துக்குள் நுழைந்தால் பிரவீணுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் செல்வராணி கூடவே வந்திருந்தாள்.

"சார், சாக்குல பெட்ரோல் நிக்குமா?" என்றாள்.

"சாக்கு இல்லேம்மா. சணல் நார்ல ரெசினைத் தடவித் தகடாக்கறது. பசுமைத் தொழில்நுட்பம்! நம்ம மண்ணோட பொருள். வானத்துல பறக்கறச்சேயும் மண்ணோட தொடர்பு இருக்கணும், இல்லையா?"

"மண்ணோட தொடர்பு வந்துருமோன்னுதான் சார் பயமா இருக்கு."

சிவராமகிருஷ்ணன் அதை ரசித்துச் சிரித்தார். பிறகு, குழு யாருக்கும் பாரபட்சம் காட்டாது என்றும், எல்லாப் பொருளையும் அறிவியல்பூர்வமாகச் சோதித்த பிறகே முடிவு என்றும் சொன்னார். விண்ணப்பதாரர் ஒவ்வொரு பொருளிலும் ஆறங்குல வட்டத் தகடு ஒன்று, எண் பொறித்து, கொடுக்க வேண்டும். எரிபொருளில் தொண்ணூறு நாள் ஊறப்போடுவார்கள்.

ரபீக் அலுமினியத்தில் அழகாக ஒரு வட்டம் வெட்டி, ஓரத்தை ராவி, ஏ-7 என்று எண் அடித்துக் கொடுத்தார். சணல் தகடு குழுவின் செலவிலேயே வந்தது. ஊறப்போடும் நாளன்றுதான் ஒரு சிக்கல் எழுந்தது.

"அலுவலகக் கட்டடத்தில் பெட்ரோல் வைக்கத் தீயணைப்பு விதிப்படி அனுமதி இல்லை" என்றார் ஹால்தார் பாபு. செல்வராணிக்கு மீன் கடையில் பழகிய வங்காளம் நன்றாகவே கைகொடுத்தது. அதில் அண்ணன் என்றால் தாதா, அக்கா என்றால் தீதி.

"அப்ப வேற எங்கயாவது வச்சுப் பாருங்க தாதா."

"வேறு எங்கும் சோதனை செய்யக் குழுவுக்கு அதிகாரம் இல்லை. ஆகவே ஒப்பான திரவம் பயன்படுத்தப்படும். கடுகெண்ணெய்."

"கடுகெண்ணெயா?"

"பெட்ரோல் எரியுமா, எரியாதா?"

"எரியும்."

"கடுகெண்ணெயும் எரியும். பெட்ரோல் ஓட்டை இருந்தால் ஒழுகுமா?"

"ஒழுகும்."

"கடுகெண்ணெயும் ஒழுகும். பெட்ரோலை வைக்க அனுமதி இல்லை. கடுகெண்ணெய்க்கு உண்டு, கேன்டீனில். மூன்று அம்சங்களில் இரண்டு ஒத்துப்போகிறது, மூன்றாவதில் கடுகெண்ணெயே மேல்."

இப்படியாக ஐந்து கண்ணாடி ஜாடிகளில், ஐந்து பொருள்கள், கடுகெண்ணெயில் மூழ்கி, கேன்டீன் அலமாரியில் அரசு முத்திரையுடன் தவம் இருக்கத் தொடங்கின.

செல்வராணி தன் பங்குக்கு ஒரு சோதனை வைத்தாள். பங்க்கில் பிடித்த பெட்ரோலை இரண்டு ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி, ஒன்றில் அலுமினியத் துண்டு, இன்னொன்றில் சணல் தகட்டின் வெட்டித் தள்ளிய ஓரம் போட்டு, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிழலில் வைத்தாள். பக்கத்து ஃபிளாட் வங்காளி அண்ணி வந்து எட்டிப் பார்த்து, மாங்காயா எலுமிச்சையா என்று கேட்டுவிட்டுப் போனாள். இருபது நாளில் சணல் தகடு ரசத்தில் விழுந்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. விரலால் அழுத்தினால் குழிந்தது. அலுமினியம் போட்டபடியே பளபளத்தது.

மெத்தென்றிருந்த அந்தத் துண்டை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, தொண்ணூறாவது நாள் கூட்டத்துக்குப் போனாள். ஹால்தார் பாபு அறிக்கையை எழுந்து நின்று வாசித்தார்.

"ஸ்டீல். எண்ணெயில் மாற்றம் ஏதும் இல்லை. ஆயினும் லிஃப்ட் பழுதான காரணத்தால் ஜாடியை மூன்று மாடி தூக்கிவந்த ஊழியருக்கு இடுப்புப் பிடித்தது. எனவே கனமான பொருள். நிராகரிக்கப்படுகிறது. பிளாஸ்டிக். மாற்றம் இல்லை. ஆனால் பசுமை வருஷத்தில் பிளாஸ்டிக் பற்றிப் பேசுவது பொருத்தமில்லை. கார்பன் ஃபைபர். கறுப்பாக இருப்பதால் மாற்றம் ஏற்பட்டதா என்று தெரியவில்லை. சணல். மாற்றம் இல்லை, பளபளப்புக் கூடியுள்ளது, மணமாகவும் இருக்கிறது. அலுமினியம்…" இங்கே கொஞ்சம் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். "அலுமினியம், ஜாடியைத் திறந்தபோது உள்ளே காணப்படவில்லை. எண்ணெய் மட்டுமே இருந்தது. எனவே அலுமினியம் எரிபொருளில் முழுமையாகக் கரையும் தன்மை உடையது."

அறையில் ஒரு மரியாதையான அமைதி நிலவியது. விஞ்ஞானத்தின் முன்னால் நிற்கும்போது வருகிற அமைதி.

"யாராவது எடுத்திருப்பாங்க சார்!" என்றாள் செல்வராணி.

"முத்திரை வைத்த அலமாரி அம்மா. யாரும் எடுக்க முடியாது. எடுக்க முடியாத இடத்தில் ஒரு பொருள் இல்லையென்றால் அது கரைந்திருக்க வேண்டும்."

"இதைப் பாருங்க. உங்க சணல்தான். பெட்ரோல்ல போட்டேன், எப்படி ஆயிருக்குன்னு தொட்டுப் பாருங்க."

ஹால்தார் பாபு டப்பாவை எட்டிப் பார்த்தார். தொடவில்லை. "இதற்கு மாதிரி எண் இல்லையே."

"எண் இல்லைன்னா?"

"எண் இல்லாத பொருள் இங்கே இல்லாத பொருள்."

தீர்மானம் நிறைவேறியது. சணல் தொட்டி என்றால் பறக்க அனுமதி, இல்லையென்றால் விமானம் பட்டறையிலேயே இருக்கட்டும். படியிறங்கும்போது பிரவீண் மெதுவாகச் சொன்னான், "ராணி, ஒரே ஒருதரம் மட்டும் சணல்லயே வச்சுப் பறந்துட்டு, அப்புறமா மாத்திக்கலாமா? நாலு வருஷம் ஆச்சும்மா."

குழுவைவிட இவன்தான் ஆபத்து என்று செல்வராணிக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆசைப்பட்ட மனுஷன் எதையும் ஏற்றுக்கொள்வான்.

"முதல்ல ஒரு டீ குடிப்போம் வாங்க" என்று அவனைக் கேன்டீனுக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

சமையல்காரர் நிதாய்தா பெரிய கெட்டிலில் டீ கொதிக்கவிட்டிருந்தார். கெட்டிலின் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு மூடி. கச்சிதமான ஆறங்குல வட்டம், ராவின ஓரம். ஆவி விலகியதும் அதன் மேல் இரண்டு எழுத்துத் தெரிந்தது. ஏ-7.

"இந்த மூடி ஏது நிதாய்தா?"

"பழைய மூடி தொலைஞ்சு போச்சு தீதி. அலமாரியில ஒண்ணு சும்மா ஊறிக்கிட்டு இருந்துச்சு. அளவு பாருங்க, செஞ்சு வச்ச மாதிரி!"

"முத்திரை வச்சிருந்தாங்களே?"

"முத்திரை முன்கதவுலதானே? அலமாரிக்குப் பின்பக்கம் பலகையே கிடையாது."

துப்பட்டாவால் சூடான மூடியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி, ஹால்தார் பாபு மேசையில் டங்கென்று வைத்தாள்.

"இதோ உங்க ஏ-7. கரையல. டீக்கு மூடியா இருக்கு."

ஹால்தார் பாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "ஏ-7 கரைந்துவிட்டது. தலைவர் கையெழுத்தும் ஆகிவிட்டது."

"அப்ப இது என்ன?"

"இது மூடி."

"மூடி மேல ஏ-7ன்னு இருக்கே தாதா."

"மூடியின் மேல் எண் இருக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை."

சிவராமகிருஷ்ணனும் வந்து பார்த்தார். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் முகத்தில் ஒரு கணம் மனுஷ வருத்தம் தெரிந்தது. "நீங்க சொல்றது நேக்குப் புரியறதும்மா. ஆனா பாருங்கோ, கரைஞ்சதுன்னு எழுதியாச்சு. இப்போ கரையலேன்னு எழுதினா, குழுவே கரைஞ்சுடும்."

செல்வராணி நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்திப் பிரயோசனம் இல்லை என்பது புரிந்தது. ஊரில் ரேஷன் கார்டில் அவள் பெயரைச் செல்வராஜ் என்று போட்டிருந்தார்கள். திருத்தச் சொல்லி மூன்று வருஷம் நடந்துவிட்டு, கடைசியில் செல்வராஜாகவே அரிசி வாங்கிக்கொண்டு வந்தவள் அவள்.

"சரி தாதா. சணல்லயே வைக்கிறோம். விதியில என்ன எழுதியிருக்குன்னு ஒருதரம் படிங்க."

"தொட்டியின் வெளிப்புறம் முழுவதும் கண்ணால் பார்க்கும்போது சணலாக இருத்தல் வேண்டும்."

"உள்ள ஏதாவது பூச்சு பூசிக்கலாமா?"

"பூசலாம். பூச்சுக்குத் தடை இல்லை."

"பூச்சு எவ்வளவு கனம் இருக்கலாம்?"

அவர் பக்கங்களைப் புரட்டினார். "வரம்பு குறிப்பிடப்படவில்லை."

"ஒன்றரை மில்லிமீட்டர்?"

"ஆட்சேபம் இல்லை."

"பூச்சு அலுமினியத்துல இருக்கலாமா?"

ஹால்தார் பாபு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "பூச்சு என்ன பொருள் என்பதைப் பூச்சுத் துணைக்குழுதான் முடிவு செய்ய வேண்டும். அந்தத் துணைக்குழு இன்னும் அமைக்கப்படவில்லை. அமைக்கப்படாத குழு ஆட்சேபிக்க முடியாது. ஆனால் அம்மா, அலுமினியம் கரைந்துவிடுமே?"

"கரைஞ்சா கரையட்டும் தாதா. வெளிய சணல் இருக்குல்ல?"

"அது சரிதான்" என்று மனநிறைவோடு பென்சிலால் புள்ளி வைத்தார்.

ரபீக் அலுமினியத் தொட்டியைப் பற்றவைத்தார். காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு முட்டைகூட விடவில்லை. செல்வராணி துறைமுகத்துச் சாக்குகளைப் பிரித்து, சாக்கு ஊசியால் அதற்கு ஒரு சட்டை தைத்தாள். "புது மாப்பிள்ளை மாதிரி இருக்கே தங்கச்சி, ஒரு பொத்தானும் வச்சுருவோமா?" என்றார் ரபீக்.

பறக்கும் நாளன்று நகருக்கு வெளியே ஒரு பழைய ஓடுதளத்தில் பந்தல் போட்டார்கள். சணல் தோரணம், சணல் பொன்னாடை. ஆரம்பத்திலேயே நாற்பது நிமிஷம் பேசிய சிவராமகிருஷ்ணன், பக்கத்து இருக்கையில் உட்கார அழைத்தபோது சர்க்கரை இருப்பதாகச் சொன்னார். பிரவீண் தனியாகவே ஏறினான். விமானம் ஓடி, ஒரு குதி குதித்து, எழும்பியது. செல்வராணி மகள் கையைப் பிடித்த பிடியில் குழந்தை, "அம்மா வலிக்குது" என்றது. இரண்டு சுற்று. இறங்கி வந்தவனை எல்லாரும் கைகுலுக்க, அவள் மட்டும் பின்பக்கமாகப் போய் அவன் முதுகை மோந்து பார்த்தாள். வியர்வை நாற்றம்தான். அதைவிட நல்ல வாசனையை அவள் அதுவரை மோந்ததில்லை.

கதை அங்கேயே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் வெற்றி என்பது அலுவலகங்களில் சும்மா விட்டுவைக்கிற பொருள் அல்ல. சணல் தொட்டியின் சாதனை பற்றி வண்ண மலர் ஒன்று அச்சடிக்கப்பட்டது. பிரவீணின் வாட்ஸ்அப் குழுவில் சணல் பர்ஸ்கள் தலைகாட்டின. சீப்புக்காரர் சணல் சீப்பு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். தைத்தவள் என்கிற முறையில் செல்வராணியைக் குழுவின் நிபுணர் உறுப்பினராக நியமித்து ஆணை வந்தது. பெயர் செல்வராணி என்று சரியாகவே போட்டிருந்தார்கள். அதிலேயே அவளுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

இரண்டாம் மாதம் ஒரு சுற்றறிக்கை: "சணல் தன் திறனைத் தனித்து நிரூபித்துவிட்டபடியால், உட்பூச்சு தேவையற்ற எடை எனக் கருதி நீக்கப்படுகிறது."

பதறிக்கொண்டு ஓடினாள். "தாதா, பூச்சை எடுத்தா ஒழுகும்!"

"உங்கள் தொட்டி ஒழுகியதா?"

"இல்ல. பூச்சு இருந்துச்சே!"

"பூச்சு அலுமினியம். அலுமினியம் கரையக்கூடியது. கரைந்துபோன பூச்சு எப்படித் தடுத்திருக்கும்? ஆகவே தடுத்தது சணல்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உள்ளே இருப்பது பூச்சு இல்லை, வேறு ஏதாவது என்றால் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரர் அனுமதியை இன்றே ரத்து செய்து, விமானத்தைப் பறிமுதல் செய்து, முதலிலிருந்து ஆரம்பித்துவிடலாம்."

செல்வராணிக்குப் பிரவீண் முகம் ஞாபகம் வந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் சிரிக்கிறான். "பூச்சுதான் தாதா" என்றாள். சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நாட்டில் வேறு பதினோரு பேர் விமானம் செய்துகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் அந்தச் சுற்றறிக்கை போயிருக்கும். பதினோரு முதுகு, பதினோரு சாண் என்று அவளுக்குக் கணக்கு ஓடியது. நிபுணர் என்ற முறையில் நேரில் பார்க்கும் அதிகாரம் இருந்ததால், முதல் ரயிலைப் பிடித்து ராஞ்சிக்குப் போனாள். அங்கே ரமேஷ்பாபு என்பவர் வாசலிலேயே மாலையோடு நின்றார்.

தொட்டி சாக்குச் சட்டை போட்டுக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தது. செல்வராணி குனிந்து விரல் முட்டியால் தட்டினாள்.

டங்.

ரமேஷ்பாபு கூரையில் ஏதோ பல்லியைத் தேடினார். செல்வராணி இன்னொரு தட்டுத் தட்டினாள். டங். மூன்று மாதமாக அவள் கேட்ட சத்தங்களிலேயே இனிமையான சத்தம்.

"உள்ள பூச்சு கீச்சு இல்லையே?"

"ஐயோ, இல்லீங்க மேடம். முழுச் சணல்."

"முழுச் சணல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இப்படியே பதினோரு ஊர். பதினொன்றும் டங். பதினொன்றும் முழுச் சணல். யாரும் எதையும் கேட்கவில்லை, யாரும் எதையும் சொல்லவில்லை, ஒருத்தர் வீட்டில்கூட டீ கொடுக்காமல் அனுப்பவில்லை. இனிக் கவலை இல்லை என்று செல்வராணி நிம்மதியாக வீடு திரும்பினாள்.

அந்தப் பதினோரு கையெழுத்தும் சால்ட் லேக்கில் ஓர் அட்டவணையாகி, அட்டவணை ஒரு வரைபடமாகி, வரைபடம் மேலே போய், கீழே ஒரு கடிதமாகத் திரும்பி வந்தது. "பூச்சு கரைந்த ஒன்றும் பூச்சற்ற பதினொன்றுமாகச் சணல் தொட்டிகள் பன்னிரண்டும் நூறு விழுக்காடு வெற்றி பெற்றுள்ளதை நிபுணர் உறுப்பினர் தம் கைப்படச் சான்றளித்துள்ளார். எனவே இத்திட்டம் பெட்ரோலில் ஓடும் பள்ளி வேன்களுக்கும் விரிவுபடுத்தப்படுகிறது. நிபுணரின் மகள் பயணம் செய்யும் வேனிலிருந்து தொடங்குவதே அவருக்குச் செய்யும் மரியாதையாக இருக்கும்."

செல்வராணி கடிதத்தை நின்றபடி ஒருதரம் படித்தாள். உட்கார்ந்து ஒருதரம் படித்தாள். ஸ்மிதா அந்த வேனில் பின் இருக்கையில்தான் உட்காருவாள், ஜன்னல் பக்கம். மறுத்து எழுதலாம். எழுதினால் பன்னிரண்டு பேர் விமானமும் போகும், அவள் கையெழுத்தும் போகும். வேனில் அனுப்பாமல் இருக்கலாம். மற்றப் பிள்ளைகள்? அழுகை வருமுன் ரபீக்குக்குப் போன் போட்டாள்.

"பாய், அவசரமா ஒரு தொட்டி. ஸ்கூல் வேனுக்கு. எத்தனை லிட்டர்னா…"

"நாப்பது லிட்டர். தகடு வெட்டியாச்சு தங்கச்சி. நாளைக்குக் காத்தடிச்சுப் பாத்துருவேன்."

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"ஹால்தார் பாபு. போன வாரம் வந்தார், இந்த வேகாத வெயில்ல குரங்குக் குல்லா போட்டு மூஞ்சியை மூடிக்கிட்டு. அவர் பேத்தியும் அந்த வேன்லதான் போகுதாம். கையைப் பிடிச்சுக் கெஞ்சுறாரும்மா. 'அலுமினியத்துல பண்ணிடுங்க, மேல நானே சாக்கு தச்சுக்கறேன், யார்கிட்டயும் மூச்சு விட்றாதீங்க'ன்னார். முக்கியமா அந்த நிபுணர் அம்மாவுக்குத் தெரியவே கூடாதாம். ரொம்பக் கண்டிப்பான பொம்பளையாம்."